படவேட்டில் ஒரு மாதம்: எப்போது போவது, எங்கே தங்குவது

'ஜவ்வாது மலை, படவேடு' என்று ஊர்ப்பெயரைப் படித்ததும் ஏலகிரி, ஏற்காடு மாதிரி ஒரு குளுகுளு இடம் மனதுக்குள் வந்துவிடுகிறது. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையாயிற்றே என்று மே மாதத்தில் மூன்று வாரத்துக்குப் பெட்டி கட்டுகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். படவேடு மலைமேல் இல்லை. ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், மலைகள் வளைத்து நிற்கும் தாழ்ந்த நிலத்தில் இருக்கிறது. வேலூரில் என்ன வெயிலோ அதே வெயில்தான் இங்கும். பகலெல்லாம் காய்ந்த பாறை இரவு வெகுநேரம் வரை அந்தச் சூட்டைத் திருப்பி விட்டுக்கொண்டிருக்கும்.

மூன்று முதல் ஐந்து வாரம் வரை இந்தப் பக்கம் தங்க நினைப்பவர்களுக்கானது இந்த அத்தியாயம். வேண்டுதல், பழங்கோயில் ஆர்வம், ஓய்வு, மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டே பார்க்கக்கூடிய வேலை, வேலூர் சி.எம்.சி.யில் உறவினருக்குச் சிகிச்சை என்று வருகிறவரின் நோக்கம் எதுவாகவும் இருக்கலாம். நோக்கத்துக்கு ஏற்ப மாதம் மாறும், மாதத்துக்கு ஏற்பத் தங்கும் ஊரும் மாறும். இரண்டையும் சேர்த்தே முடிவுசெய்ய வேண்டும். மாதத்தை முதலில் முடிவுசெய்துவிட்டு அறையைப் பிறகு தேடுவதில்தான் பெரும்பாலான திட்டங்கள் கெடுகின்றன.

இடம் எப்படிப்பட்டது

வேலூர்–திருவண்ணாமலை சாலையில் கண்ணமங்கலத்துக்கும் போளூருக்கும் நடுவில் வருவது சந்தவாசல். அங்கே மேற்கே திரும்பிச் சில கிலோமீட்டர் போனால் படவேடு. படைவீடு என்ற பெயரில் 14ஆம் நூற்றாண்டில் சம்புவராயர்களின் தலைநகராக இருந்த ஊர் இது. விஜயநகர இளவரசர் குமார கம்பணர் படையெடுத்து வந்தது இந்தச் சம்புவராயர்கள் மீதுதான். அந்த நகரத்தின் மிச்சமாக இன்று நிற்பவை கோயில்கள். அம்மனின் சிரசு மட்டுமே மூலஸ்தானத்தில் இருக்கும் ரேணுகாம்பாள் கோயில், வில் அம்பு இல்லாமல் சின்முத்திரையோடு உட்கார்ந்திருக்கும் யோக ராமர் கோயில், அம்மையப்ப ஈசுவரர் கோயில், கோட்டைமலை உச்சியில் வேணுகோபால சுவாமி கோயில் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. கோயில்களைச் சுற்றிலும் வாழைத் தோட்டமும் நெல் வயலும்தான்.

ஆக, தலைநகராக இருந்த இடம் இப்போது கிராமம். நல்ல மருந்துக்கடை, வங்கி, வாரக்கணக்கில் தங்க அறை, இரவு எட்டு மணிக்கு மேல் சாப்பாடு எல்லாம் வேண்டுமென்றால் வேலூர், ஆரணி, போளூர், திருவண்ணாமலை ஆகியவற்றில் ஒன்றில் இருந்துகொண்டு படவேட்டுக்குப் போய்வருவதே நடைமுறை.

ஆண்டைப் பிரித்துப் பார்த்தல்

இந்தப் பகுதிக்கு இரண்டு மழை உண்டு என்பது சென்னைக்காரர்கள் பலருக்குத் தெரிவதில்லை. கடலோரத்தில் ஐப்பசி, கார்த்திகைதான் மழைக்காலம். இங்கே தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரிலும் நல்ல மழை கிடைக்கிறது. பகலில் வெயில் கொளுத்தும். மூன்று, நான்கு மணிக்கு மலைப்பக்கம் கருக்கும். மாலையிலோ இரவிலோ இடியோடு கொட்டிவிட்டு, விடிந்தால் பளிச்சென்று இருக்கும். வடகிழக்குப் பருவமழையின் சுபாவம் வேறு. வங்கக் கடலில் புயலோ தாழ்வு மண்டலமோ உருவானால் இரண்டு, மூன்று நாள் விடாமல் பெய்யும்.

*பொங்கல் முடிந்து மாசிக் கடைசி வரை.* நீண்ட தங்கலுக்கு இதைவிட நல்ல காலம் இங்கே கிடையாது. ஜனவரி இரவில் வேலூர்ச் சமவெளியிலேயே வெப்பநிலை 18 டிகிரியை ஒட்டி இறங்கும். அடிவாரத்தில் விடியற்காலை இன்னும் கொஞ்சம் சில்லென்று இருக்கும், ஒரு போர்வை போதும். பகலில் நடக்கலாம், ஆற்றிலும் அணையிலும் தண்ணீர் நிற்கும், சம்பா அறுவடை நடக்கும். ஒன்றை மட்டும் கவனத்தில் வைக்க வேண்டும். காலண்டரில் ஜனவரி பிறந்துவிட்டதாலேயே மழை போய்விடாது. 2024இல் வடகிழக்குப் பருவமழை விலகியது ஜனவரி நடுவில்தான். 2025இல் அது ஜனவரிக் கடைசி வாரம் வரை இழுத்தது. அதனால் தை பிறந்த கையோடு கிளம்பாமல், காணும் பொங்கல் கூட்டமும் வடிந்த பிறகு, தை ஐந்து தேதிக்கு மேல் வந்து சேர்வது நல்லது.

வானம் எப்போது தெளிவாக இருக்கும் என்பதற்கு இதே மலையில் ஒரு சாட்சி உண்டு. ஜவ்வாது மலையில் சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கும் காவலூரில் 1960களின் கடைசியில் வானியலாளர் வைணு பாப்பு ஓர் ஆய்வகத்தைத் தொடங்கினார். இன்று அது அவர் பெயரிலேயே இருக்கிறது. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. அங்கே வேலை செய்பவர்கள் நம்பும் தெளிந்த இரவுகள் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. வானம் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்களின் கணக்கு இது. மாத நடுவில் ஒரு சனிக்கிழமையை அதற்கென்று ஒதுக்கலாம். பொதுமக்களுக்கான ஏற்பாடு அந்த வாரம் உண்டா என்று முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

*பங்குனி.* முதல் பத்து நாள் சமாளிக்கலாம். பிறகு பகல் பதினொன்று முதல் நான்கு வரை அறைக்குள்தான்.

*சித்திரை, வைகாசி.* தவிர்க்க வேண்டிய காலம். மே 4ஆம் தேதியை ஒட்டித் தொடங்கும் அக்னி நட்சத்திரத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுவது செய்தியே அல்ல. கடல்காற்று இவ்வளவு தூரம் வந்து சேர்வதற்குள் பகல் முடிந்துவிடுகிறது. இடையிடையே கோடை இடிமழை வரும், கூடவே சூறைக்காற்றும். படவேட்டு வாழைத்தோட்டங்களில் குலை தள்ளிய மரத்துக்கெல்லாம் கம்பு ஊன்றி முட்டுக் கொடுத்திருப்பதைப் பார்த்தால் அந்தக் காற்றின் பலம் புரியும். கழுத்தளவில் ஒரு கயிறு, அதைத் தாங்க எதிர்ப்பக்கம் சாய்வாக ஒரு கம்பு. அப்படியும் ஒரே மாலையில் கால் ஏக்கர் தரையோடு படுத்துவிடுவதுண்டு. இந்தக் காலத்தில் வந்தே தீர வேண்டியவர்கள் குளிர்சாதன அறைக்கும், மின்சாரம் போனால் ஜெனரேட்டர் இருக்கும் விடுதிக்கும் கூடுதலாகச் செலவழிக்கத் தயாராக வேண்டும்.

*ஆடி.* இது தனிக் கதை. ஜூலை நடுவில் தொடங்கி ஆவணி வரை வெள்ளிக்கிழமைகளில் ரேணுகாம்பாள் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் சந்தவாசலிலிருந்தே வண்டிகள் நின்று நின்றுதான் நகரும். வேப்பிலை ஆடை உடுத்தி வலம் வருபவர்கள், பொங்கல் வைப்பவர்கள், மொட்டை போடுபவர்கள் என்று ஊரே வேறாக மாறிவிடும். அதைப் பார்க்கவே வருகிறவருக்கு இதுதான் சரியான மாதம். அமைதி வேண்டி வருகிறவருக்கு இதைவிடத் தவறான மாதம் இல்லை. இரண்டும் வேண்டுமென்றால் ஆடி கடைசி வாரத்தில் வந்து, ஒரு வெள்ளியைப் பார்த்துவிட்டு, ஆவணியில் தொடர்ந்து தங்கலாம்.

*ஆவணிப் பின்பாதி, புரட்டாசி.* பலரும் கவனிக்காத இரண்டாவது நல்ல காலம். மலை பச்சை கட்டியிருக்கும். ஜவ்வாது மலைச் சீத்தாப்பழம் கூடைகூடையாக இறங்கி வரும். மலைமேல் ஜமுனாமரத்தூர் பக்கம் பீமன் மடவு அருவியில் தண்ணீர் இருக்கும். காலை ஆறு முதல் பதினொன்றுக்குள் வெளிவேலைகளை முடித்துக்கொள்ளப் பழகியவர்களுக்கு மாலை மழை ஒரு தொந்தரவே இல்லை. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கோட்டைமலையிலும் மற்றப் பெருமாள் கோயில்களிலும் கூட்டம் இருக்கும். வாரத்தின் மற்ற நாள்கள் காலி.

*ஐப்பசி, கார்த்திகை, மார்கழி முன்பாதி.* சிங்கப்பூர்த் தமிழர்களுக்குப் பள்ளி விடுமுறை நவம்பர், டிசம்பரில் வருகிறது. அதனால் வெளிநாட்டிலிருந்து வரும் குடும்பங்கள் தேர்ந்தெடுப்பதும் இதைத்தான். ஆனால் இந்த வட்டாரத்தில் மழையால் ஆபத்து அதிகம் உள்ள காலமும் இதுவே. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த மறுநாள், டிசம்பர் 1ஆம் தேதி, திருவண்ணாமலையில் மலைச்சரிவு வீடுகளின்மேல் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 13ஆம் தேதி கார்த்திகை தீபத்தன்று அங்கே பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. விடுமுறை இப்போதுதான் கிடைக்கும் என்றால் டிசம்பர் 20க்குப் பிறகு வந்து, தேவைப்பட்டால் தை முதல் வாரம் வரை நீட்டிக்கும்படி பயணச்சீட்டு எடுப்பது மேல்.

நாள்காட்டியில் குறிக்கும் வரிசை

மாதத்தை உத்தேசமாக முடிவுசெய்த பிறகு, வீட்டில் தொங்கும் தினசரி காலண்டர் ஒன்றை மேசையில் வைத்துக்கொண்டு இந்த வரிசையில் குறிக்க வேண்டும். வரிசை மாறினால் செய்த வேலையையே திரும்பச் செய்யும்படி ஆகும்.

1. பௌர்ணமி நாளையும், அதற்கு முந்தைய, பிந்தைய நாளையும் வட்டமிடவும். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலத்துக்கு வரும் கூட்டத்தால் இந்த மூன்று நாளும் அங்கே அறை கிடைப்பது கடினம். வேலூர்–திருவண்ணாமலைப் பேருந்துகளிலும் நிற்கத்தான் இடம் இருக்கும்.

2. கார்த்திகை தீபத்தை ஒட்டிய பத்து நாள், சித்ரா பௌர்ணமி, ஆடி வெள்ளிகள் ஆகியவற்றைச் சிவப்பில் குறிக்கவும். நோக்கமே இவை என்றால் பச்சையில்.

3. சுபமுகூர்த்த நாள்களைக் குறிக்கவும். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். தையிலும் ஆவணியிலும் வானிலை நன்றாக இருக்கும், அதே மாதங்களில் கல்யாணமும் அதிகம். ஆரணி பட்டுச் சேலைக்குப் பெயர்போன ஊர். முகூர்த்தத்துக்கு முந்தைய வாரங்களில் ஜவுளி எடுக்க வருபவர்களாலும், முந்தைய இரவில் கல்யாணத்துக்கு வந்தவர்களாலும் சிறு ஊர் விடுதிகள் நிரம்பிவிடும்.

4. பள்ளி விடுமுறை. செப்டம்பர் கடைசியில் காலாண்டு, டிசம்பர் கடைசியில் அரையாண்டு. அந்த வாரங்களில் ஜமுனாமரத்தூர், அமிர்தி பக்கம் போவதைத் தவிர்க்கவும்.

5. மிச்சம் இருக்கும் வெள்ளை நாள்களைப் பார்க்கவும். தொடர்ச்சியாக நான்கைந்து வெள்ளை நாள்கள் எங்கே கிடைக்கின்றனவோ, வந்து சேரும் நாள் அதன் தொடக்கத்தில் அமையட்டும். கூட்டமான நாள் நடுவில் வந்தால் பரவாயில்லை. அறையில் சாமானை வைத்துவிட்டவருக்குக் கூட்டம் ஒரு வேடிக்கை, பெட்டியோடு நிற்பவருக்குத்தான் அவதி.

குறிப்பு: வேலூரில் தங்குபவர்கள் 1, 2ஐத் தளர்த்திக்கொள்ளலாம். அங்கே அறைக்கு நெருக்கடி வருவதற்கு வேறு காரணம் உண்டு. அது அடுத்து வருகிறது.

மாதத்துக்கேற்ற ஊர்

நீண்ட நாள் தங்குபவர்களுக்கென்றே ஒரு நகரம் தன்னை மாற்றிக்கொண்டதைப் பார்க்க வேண்டுமானால் வேலூர் காந்தி ரோட்டுக்குப் போக வேண்டும். ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருந்தகம்தான் இன்றைய சி.எம்.சி. மேற்கு வங்கம், அசாம், ஜார்க்கண்ட், பங்களாதேஷ் என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறவர்கள் வாரக்கணக்கில் இங்கே தங்குகிறார்கள். அவர்களுக்காகவே எதிரே உள்ள சந்துகளில் வங்காளி எழுத்தில் பெயர்ப்பலகைகள், கடுகெண்ணெய் விற்கும் மளிகைக் கடைகள், தானே சமைத்துக்கொள்ள வசதி தரும் விடுதிகள் என்று ஒரு தனி உலகம். நாள் வாடகையைவிட வார வாடகை, மாத வாடகை பேசுவது இங்கே சகஜம். சமையலறை, இரவிலும் கிடைக்கும் மருந்து, வண்டி எல்லாம் இருப்பதால் வயதானவர்களை அழைத்து வருபவர்கள் எந்த மாதமானாலும் வேலூரிலேயே தங்குவதுதான் புத்திசாலித்தனம். இரைச்சலும் நெரிசலும் அதற்கான விலை. கோடையில் இன்னொரு விலையும் உண்டு. சுற்றிலும் மொட்டைப் பாறைக் குன்றுகள் என்பதால் நகரம் இரவிலும் ஆறுவதில்லை. மருத்துவமனை வேலை இல்லாதவர்கள் காந்தி ரோட்டுக்குள் போகாமல் சத்துவாச்சாரி, காட்பாடிப் பக்கம் பார்ப்பது நல்லது.

ஆரணி தையிலிருந்து மாசி வரைக்குமான ஊர். நெல்லும் பட்டும் புழங்கும் சின்ன நகரம். காய்கறி மலிவு, நடந்தே எங்கும் போகலாம். ரயிலில் வருபவர்கள் 'ஆரணி ரோடு' நிலையத்தை ஆரணி என்று நினைத்து இறங்கிவிட்டுத் திகைப்பதுண்டு. அந்த நிலையம் இருப்பது களம்பூரில். அங்கிருந்து பேருந்தோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும்.

போளூர் ஜவ்வாது மலைக்கும் பருவதமலைக்கும் போகிறவர்களுக்கு வசதி. மற்றவர்களுக்கு ஓரிரு இரவு போதும்.

திருவண்ணாமலை நீண்ட தங்கலுக்குப் பழகிய ஊர்தான். ரமணாசிரமத்தைச் சுற்றி மாத வாடகை வீடுகள் கிடைக்கும். ஆனால் வெளிநாட்டினர் பருவமும் இந்தப் புத்தகம் சொல்லும் நல்ல பருவமும் ஒன்றே என்பதால் ஜனவரி, பிப்ரவரியில் வாடகை ஏறியிருக்கும். ஆவணி, புரட்டாசியில் வருபவர்கள் இங்கே பேரம் பேசலாம், பௌர்ணமியை மட்டும் ஒதுக்கிவிட்டு.

படவேட்டிலேயே தங்க வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள், முதலில் வேறு ஊரில் அறை எடுத்துவிட்டு, நேரில் போய்க் கோயில் அலுவலகத்திலும் கடைத்தெருவிலும் விசாரித்துப் பார்த்த பிறகே மாற வேண்டும். தொலைபேசியில் 'ரூம் இருக்கு, வாங்க' என்பதை நம்பிப் பெட்டியோடு போகக் கூடாது. அந்த ரூமில் இரவில் தண்ணீர் வருமா, கழிப்பறை உள்ளேயா வெளியேயா என்பதெல்லாம் போனில் தெரியாது.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

செல்போனில் 'திருவண்ணாமலை வெப்பநிலை' பார்த்து முடிவெடுப்பது முதல் தவறு. அந்த எண் பகலின் உச்சத்தைச் சொல்லும், இரவு தூக்கம் வருமா என்பதைச் சொல்லாது. மாதத்தின் குறைந்தபட்ச வெப்பநிலையைப் பார்க்க வேண்டும். இரவில் 26, 27க்குக் கீழே இறங்காத மாதத்தில் மின்விசிறி அறையில் மூன்று வாரம் தாங்காது.

மழைக்காலத்தில்தான் கமண்டல நாகநதி அழகு என்று ஆற்றங்கரையாகப் பார்த்து வீடு எடுப்பது இன்னொன்று. படவேட்டுக்கு மேலே செண்பகத்தோப்பு அணை இருக்கிறது. அது நிரம்பித் திறக்கும்போது கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை விடுவார்கள். அப்போது தரைப்பாலங்கள் மூழ்கும், போக்குவரத்து சுற்றுவழியில் போகும். ஒரு நாள் அல்ல, சில சமயம் மூன்று, நான்கு நாள்.

தை, மாசியில் நெல் அறுவடை நடக்கும் ஊர்களில் சாலையோரமே களம். கதிரடிக்கும் தூசி, அரிசி ஆலைத் தூசி இரண்டும் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. ஆரணியில் அறை பார்க்கும்போது பக்கத்தில் அரிசி ஆலை இருக்கிறதா என்று ஒருமுறை தெருவைச் சுற்றி வந்து பார்த்துவிடலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆவணி, புரட்டாசிதான் பொருத்தம்.

மலை ஏறலாம் என்று மாசிக் கடைசியில் வருபவர்களும் உண்டு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறியவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து 23 பேர் இறந்த பிறகு, தமிழகத்தில் வனப் பாதைகளுக்கு விதிகள் கடுமையாகின. தீ பிடிக்கும் காலமான பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை பாதைகளை மூடி வைக்கிறார்கள். மலையேற்றம் திட்டத்தில் இருந்தால் அதைத் தங்கலின் முதல் வாரத்தில், வனத்துறை அனுமதியோடு முடித்துவிட வேண்டும். சம்புவராயர் கோட்டை இருந்த ராஜகம்பீரன் மலைக்கும் இது பொருந்தும். பருவதமலையில் கடப்பாறைப் படியும் சங்கிலியும் பிடித்து ஏறும் கட்டம் ஈரமாக இருக்கும் நாளில் யாருக்கும் வேண்டாம்.

பாதுகாப்பு

மலைக்குச் சரக்கு வண்டியில் ஏறக் கூடாது. பேருந்து குறைவு என்பதால் மினிலாரியின் பின்பக்கம் நின்றுகொண்டு போவது மலைக்கிராமங்களில் பழக்கம். 2022 ஏப்ரலில் திருப்பத்தூர் மாவட்டத்தில் ஜவ்வாது மலைக்கோயில் ஒன்றுக்கு அப்படிப் போன வண்டி பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு அரசுப் பேருந்தில் போகலாம், அல்லது மலைப்பாதை பழகிய ஓட்டுநரோடு கார். மூடுபனியும் மழையும் உள்ள மாதங்களில் மாலை நான்கு மணிக்குள் கீழே இறங்கிவிட வேண்டும். கோட்டைமலைக்கும் இதேதான். மேலே கோயில் திறந்திருக்கிறதா என்று அடிவாரத்தில் கேட்டுவிட்டுக் கிளம்பினால் வீண் அலைச்சல் மிச்சம்.

அடிவாரத்துச் சிற்றூர்களுக்கும் மலைக்கிராமங்களுக்கும் தனியாகப் போகிறவர்கள் முதல் வேலையாக டீக்கடையிலோ ஊராட்சி அலுவலகத்திலோ தாங்கள் யார், எதற்காக வந்திருக்கிறோம் என்று சொல்லிவிட வேண்டும். இது வெறும் மரியாதைக்காக மட்டும் சொல்வதல்ல. 2018 மே மாதம் போளூரை அடுத்த அத்திமூர் பகுதியில், குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த சென்னைக் குடும்பத்தைப் பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வதந்தியில் கூட்டம் தாக்கியது. அதில் ஒரு மூதாட்டி இறந்துபோனார். வாட்ஸ்அப் வதந்தி எப்போது கிளம்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. தெரியாத குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுப்பது, கேட்காமல் படம் எடுப்பது இரண்டையும் அடியோடு விட்டுவிட வேண்டும்.

புரட்டாசி முதல் மார்கழி வரை டெங்கு காலம். கொசுவலை கொண்டு வருவது உத்தமம், விடுதி மொட்டைமாடியில் திறந்து கிடக்கும் தொட்டி இருந்தால் அறையை மாற்றுவது அதைவிட உத்தமம். மழை பெய்த இரவுகளில் வாழைத்தோட்ட வரப்பில் நடப்பவர்கள் டார்ச்சும் மூடிய செருப்பும் இல்லாமல் இறங்க வேண்டாம், விரியன் உண்டு. கடித்துவிட்டால் கீறுவதோ இறுக்கிக் கட்டுவதோ கூடாது. கடிபட்டவரை நடக்க விடாமல் 108ஐ அழைத்து, போளூர் அல்லது ஆரணி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

பதிவு செய்யும் முறை

1. மாதமும் ஊரும் முடிவானதும் முழு மாதத்துக்கும் அறை எடுக்க வேண்டாம். மூன்று இரவுக்கு மட்டும் பதிவு செய்யவும். தண்ணீர், இரைச்சல், இரவுப் புழுக்கம் மூன்றும் மூன்று இரவில் தெரிந்துவிடும்.

2. இரண்டாம் நாள் காலை படவேட்டுக்குப் போய்வரவும். பேருந்து எத்தனை மணிக்கு, கடைசி வண்டி எப்போது திரும்பும் என்று நடத்துநரிடமே கேட்டு எழுதிக்கொள்ளவும். சந்தவாசல் முக்கில் நின்று கேட்டாலும் சொல்வார்கள். இணையத்தில் கிடைக்கும் நேரப்பட்டியலை இதற்கு நம்ப முடியாது.

3. மூன்றாம் நாள் மாத வாடகை பேசவும். மின்கட்டணம் சேர்த்தா தனியா, சமைக்கலாமா, உறவினர் வந்து ஓர் இரவு தங்கலாமா என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் வாங்கிய பிறகே முன்பணம். ரசீது அவசியம்.

4. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் தங்கினால் விடுதிக்காரரோ வீட்டுக்காரரோ 24 மணி நேரத்துக்குள் அதற்கான படிவத்தைப் பதிய வேண்டும். சொந்தக்காரர் வீடுதானே என்று விட்டுவிடுபவர்கள்தான் விமான நிலையத்தில் சங்கடப்படுகிறார்கள். படிவம் போட்டாயிற்றா என்று கேட்டு, நகலை வாங்கி வைத்துக்கொள்ளவும்.

5. திரும்பும் சீட்டை மாற்றக்கூடியதாக எடுக்கவும். கார்த்திகை, மார்கழியில் இது கட்டாயம். தை, மாசியில் விருப்பம்.

குறிப்பு: 2024 மே மாதத்திலிருந்து சென்னை கடற்கரை–வேலூர் ரயில் கண்ணமங்கலம், ஆரணி ரோடு, போளூர் வழியாகத் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. கட்டணம் மிகக் குறைவு. மாலையில் சென்னையில் கிளம்பும் வண்டி இந்தப் பக்கம் வந்து சேரும்போது இரவு வெகுநேரம் ஆகிவிடும், திரும்புவதோ விடியலுக்கு முன்னால். முதல் தடவை வருகிறவர்கள், அதுவும் சாமானோடும் பிள்ளைகளோடும் வருகிறவர்கள், இந்த வண்டியில் வந்து நடுராத்திரியில் களம்பூரில் இறங்க வேண்டாம். பகல் பேருந்தில் வரட்டும். ஊர் பழகிய பிறகு இடையில் ஒருமுறை சென்னை போய்வர இந்த ரயில் உதவும்.

அறையைக் காலி செய்யும் நாளையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். பௌர்ணமிக்கு மறுநாள் காலை திருவண்ணாமலையிலிருந்து வேலூர், சென்னை போகும் எந்த வண்டியிலும் பெட்டி வைக்க இடம் இருக்காது. போளூரிலோ சந்தவாசலிலோ கைகாட்டினால் நிற்கவும் நிற்காது. அந்தத் தேதி பௌர்ணமியை ஒட்டி விழுந்தால் ஒரு நாள் வாடகை கூடுதலாகக் கொடுத்துத் தங்கிவிட்டு, அடுத்த நாள் காலை ஏழு மணி வண்டியைப் பிடிக்கலாம்.